புயலில் பேசும் கார்!

காருக்குள் வைக்கும் சின்ன 'ஹாம்' ரேடியோ: எந்த முகப்பு நல்லது? எங்கே வைப்பது?

கடலூர்க்காரர்களுக்குப் புயல் கூண்டைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"துறைமுகத்தில் கூண்டு ஏற்றிவிட்டார்களாமே, எத்தனையாம் நம்பர்?"

ஐப்பசி பிறந்துவிட்டால் முதுநகர் கடைத்தெருவில் இந்தக் கேள்வி காதில் விழும்.

1-ம் எண் கூண்டு என்றால், தொலைவில் கடலில் காற்றழுத்தம் தாழ்ந்திருக்கிறது என்று பொருள். 10-ம் எண் என்றால் பெரிய அபாயம். மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இது தெரியும்.

ஆனால் கூண்டு பத்தோடு முடிந்துவிடுவதில்லை. 11-ம் எண் ஒன்று உண்டு.

'எச்சரிக்கை மையத்தோடு தகவல் தொடர்பு அறுந்துவிட்டது. மோசமான வானிலை வரக்கூடும் என்று இங்குள்ள அதிகாரி கருதுகிறார்.' இதுதான் 11-ம் எண் கூண்டின் பொருள்.

பாருங்கள்! காற்றுக்கும் மழைக்கும் பத்து எண்கள். அதற்கும் மேலே ஓர் எண், செய்தி நின்றுபோவதற்கு!

அப்படிப்பட்ட நாளுக்காகவே காரில் ஒரு சின்ன ரேடியோவை வைத்துக்கொள்ளுகிறவர்கள் உலகம் எங்கும் இருக்கிறார்கள். அவர்களுக்கு 'அமெச்சூர் ரேடியோக்காரர்கள்' என்று பெயர். 'ஹாம்' என்றும் சொல்வார்கள்.

அந்த ரேடியோவைக் காரில் எப்படி வைப்பது? கண்ணை உறுத்தக்கூடாது. ஓட்டுகிறவருக்கு இடைஞ்சல் ஆகக்கூடாது. திருடன் கண்ணிலும் படக்கூடாது. அதற்கு வழி என்ன? அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

கடலூர் பட்ட பாடு

இது பணக்காரர் விளையாட்டு என்று தள்ளிவிட வேண்டாம். கடலூர் மாவட்டம் பட்ட பாட்டைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. சுனாமி வந்தது. தேவனாம்பட்டினம் முதல் பரங்கிப்பேட்டை, கிள்ளை வரை கடற்கரைக் குப்பங்கள் அழிந்தன. இந்த மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள்.

2011 டிசம்பர் 30. 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை ஏறியது. மணிக்கு 140 கிலோமீட்டர் வரை காற்று வீசியது. பண்ருட்டிப் பக்கம் பலா மரங்களும் முந்திரி மரங்களும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் விழுந்தன. பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன.

2015 நவம்பரில் வெள்ளம். நெய்வேலியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. 2024 நவம்பர் 30-ல் 'பெஞ்சல்' புயல். அதன் பிறகு தென்பெண்ணை கரைபுரண்டு கடலூர்ப் பகுதியில் புகுந்தது.

இப்படிப்பட்ட நாட்களில் முதலில் போவது மின்சாரம். அதன் பின்னால் போவது செல்போன்.

செல்போன் கோபுரத்துக்கும் மின்சாரம்தானே சோறு? மின்சாரம் நின்றால் அங்குள்ள பாட்டரி சில மணி நேரம் தாங்கும். பிறகு டீசல் எந்திரம் ஓடவேண்டும். சாலையில் மரம் விழுந்து கிடந்தால் டீசல் எப்படி வரும்? கோபுரம் ஊமையாகிவிடும். கையில் எத்தனை விலை உயர்ந்த செல்போன் இருந்தாலும் அது வெறும் கைவிளக்குதான்.

ஹாம் ரேடியோ என்பது என்ன?

உங்கள் வீட்டு ரேடியோ பேசும், நீங்கள் கேட்கலாம். நீங்கள் பேசினால் அதற்குக் கேட்காது.

ஹாம் ரேடியோ அப்படி அல்ல. அதில் கேட்கவும் செய்யலாம், பேசவும் செய்யலாம். ஒரு செட்டிலிருந்து கிளம்பும் அலை நேரே இன்னொரு செட்டுக்குப் போகிறது. நடுவில் கோபுரம் வேண்டாம், கம்பி வேண்டாம், கம்பெனி வேண்டாம். 12 வோல்ட் பாட்டரியும் ஒரு ஏரியலும் இருந்தால் போதும்.

ஆனால் நினைத்தவர் எல்லாம் பேச முடியாது. மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் தேர்வில் தேறவேண்டும். மின்சாரம், ரேடியோ, சட்ட விதிகள் இவற்றில் கேள்வி கேட்பார்கள். பள்ளிப் பிள்ளைகளும் எழுதித் தேறியிருக்கிறார்கள். தேறியவருக்கு உரிமம் கிடைக்கும். அதோடு ஓர் அழைப்புப் பெயரும் கிடைக்கும். இந்திய ஹாம்களின் அழைப்புப் பெயர் பெரும்பாலும் 'வி.யு.' என்று தொடங்கும். முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தியும் ஒரு ஹாம்தான். அவருடைய அழைப்புப் பெயர் 'வி.யு.2 ஆர்.ஜி.'

இதை வியாபாரத்துக்குப் பயன்படுத்தக்கூடாது. பேசுவதற்குக் கூலி வாங்கக்கூடாது. அதனால்தான் 'அமெச்சூர்' என்று பெயர். ஆசையால் செய்கிறவர் என்று அதற்குப் பொருள்.

ஆசைக்காரர்களைச் சாதாரணமாக எண்ணிவிட வேண்டாம். தமிழ்நாட்டில் ரேடியோ ஒலிபரப்பைத் தொடங்கிவைத்ததே அவர்கள்தான். 1924-ல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியால் சென்னையில் 'மதராஸ் மாகாண ரேடியோ கிளப்' தோன்றியது. அந்த ஆண்டே அது ஒலிபரப்பையும் தொடங்கியது. சர்க்கார் வானொலி வந்தது அதற்குப் பிறகுதான்.

அந்தமானில் ஒரு பெண்மணி

ஹாம் ரேடியோ என்ன செய்யும் என்பதற்கு, கடலூரைத் தாக்கிய அதே சுனாமியிலிருந்து ஒரு நடந்த கதை உண்டு.

2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற பெண்மணி ஒரு சிறு குழுவோடு அந்தமான் போயிருந்தார். தலைநகர் போர்ட் பிளேரில் (இன்று அதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம்) ஓர் ஓட்டலில் ரேடியோ செட்டை வைத்தார். அந்தமானிலிருந்து பல ஆண்டுகளாக எந்த ஹாமும் பேசியதில்லை. அதனால் உலகம் எங்கும் உள்ள ஹாம்கள் அவரோடு பேச ஆவலாக இருந்தார்கள். அதற்காகப் போன பயணம்தான் அது.

டிசம்பர் 26 காலை பூமி அதிர்ந்தது. கடல் பொங்கியது. தீவுகளில் டெலிபோன் செத்துப்போனது. பாரதி பிரசாத் விளையாட்டுப் பேச்சை நிறுத்தினார். அதே செட்டை வைத்துக்கொண்டு, தீவில் இருந்தவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்ற செய்தியை இந்தியப் பெருநிலத்துக்கு அனுப்பத் தொடங்கினார். பல குடும்பங்களுக்கு முதல் செய்தி அந்த வழியாகத்தான் போனது.

அந்த ரேடியோ அவசரத்துக்காக வாங்கியது அல்ல. ஆனால் முன்பே பொருத்தி, தினமும் பேசிப் பழகி, தயாராக இருந்தது. அதனால்தான் உதவியது.

காரில் எதற்கு?

வீட்டில் செட் இருந்தால் போதாதா என்று கேட்கலாம்.

வீட்டு மாடியில் உள்ள ஏரியல் புயலில் விழலாம். வீட்டுக்குள் தண்ணீர் வரலாம். கார் அப்படி அல்ல. வெள்ளம் வருமுன் மேட்டுக்கு ஓட்டிப் போகலாம். அதிலேயே பாட்டரி இருக்கிறது. அந்தப் பாட்டரிக்கு மின்சாரம் ஏற்ற எஞ்சினும் இருக்கிறது. கூரை இருக்கிறது, விளக்கு இருக்கிறது. ஒரு சின்ன ரேடியோ நிலையத்துக்கு வேண்டியது எல்லாம் காரிலேயே இருக்கிறது.

இருந்தும் பலர் காரில் செட் வைக்கத் தயங்குகிறார்கள். ஏன்?

செங்கல் அளவு கறுப்புப் பெட்டி ஒன்று காரின் முன்பலகையில் துருத்திக்கொண்டு நிற்கும். "இது என்ன, காரா, போலீஸ் வண்டியா?" என்று வீட்டு அம்மா கேட்பார். பிள்ளைகள் கால் வைக்க இடம் இருக்காது. வண்டியை நிறுத்திவிட்டுக் கோயிலுக்குப் போனால், 'கண்ணாடியை உடைத்துவிடுவானோ' என்று மனம் அடித்துக்கொள்ளும்.

இந்தத் தொல்லைக்கு விடை உண்டு. பெட்டியை ஒளித்துவிட்டு, முகத்தை மட்டும் வெளியே வைப்பதுதான் அது.

பெட்டி ஓர் இடம், முகம் ஓர் இடம்

பல ஹாம் செட்டுகளில் முன்புறத் தகட்டைத் தனியே கழற்றலாம். எண் காட்டும் திரையும் திருகு குமிழ்களும் அந்தத் தகட்டில்தான் இருக்கும். அதைத்தான் 'முகப்பு' என்று சொல்கிறோம். கனமான பெட்டியை வேறு இடத்தில் வைத்துவிட்டு, டெலிபோன் ஒயர் போன்ற ஒரு மெல்லிய ஒயரால் இரண்டையும் இணைக்கலாம்.

1995-ல் ஜப்பானின் ஐகாம் கம்பெனி 'ஐசி-706' என்ற செட்டை வெளியிட்டது. தொலைதூர அலைகளிலும் உள்ளூர் அலைகளிலும் பேசக்கூடிய அந்த முழு நிலையம், காரில் அடங்கும் அளவில் இருந்தது. முகப்பும் கழன்று வந்தது. ஹாம்கள் அதை விரும்பி வாங்கினார்கள். அதன் பிறகு யேசு, கென்வுட் கம்பெனிகளின் பல செட்டுகளும் இதே முறையில் வந்தன.

வாங்கும்போது நான்கு விஷயங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஒன்று: முகப்பு கழலுமா? எல்லாச் செட்டிலும் கழலாது.

இரண்டு: இணைக்கும் ஒயர் செட்டோடு வருகிறதா, தனியே வாங்கவேண்டுமா? உங்கள் காருக்கு நீளம் போதுமா?

மூன்று: மைக்கை எங்கே செருகவேண்டும்? சில செட்டில் முகப்பில் செருகலாம். சில செட்டில் பெட்டியில்தான் செருக முடியும். பெட்டி டிக்கியில் இருந்தால் மைக்குக்கும் தனியே நீள ஒயர் வேண்டும்.

நான்கு: சத்தம் எங்கிருந்து வரும்? ஒலிபெருக்கி பெட்டியில் இருந்தால், டிக்கிக்குள் யாரோ முனகுவது போலத்தான் கேட்கும். முன் சீட்டுப் பக்கம் ஒரு சின்ன ஒலிபெருக்கி வைக்கவேண்டும்.

முகப்பை எங்கே வைப்பது?

ஸ்டீரிங் சக்கரத்துக்கு நேர் மேலே, கண்ணாடி ஓரம் வைக்கலாமா? பார்க்க வசதிதான். ஆனால் சாலையில் குறுக்கே வரும் குழந்தையை அது மறைத்துவிடும். இரவில் திரையின் வெளிச்சம் முன்கண்ணாடியில் பட்டு எதிரொளிக்கும். வேண்டாம்.

சீட்டுக்குப் பக்கத்தில், கியர் கம்பிக்குப் பின்னால் வைக்கலாமா? வெளியே இருந்து பார்த்தால் தெரியாது. ஆனால் பார்ப்பதற்குத் தலையைக் குனியவேண்டும்.

இங்கே ஒரு கணக்கு போடுங்கள். கார் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. நீங்கள் இரண்டு விநாடி திரையைப் பார்க்கிறீர்கள். அதற்குள் கார் 33 மீட்டர் ஓடிவிடும். அந்த 33 மீட்டரும் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம்!

ஆகவே நல்ல இடம், முன்பலகையின் நடுவே, காரின் பாட்டு ரேடியோவுக்குப் பக்கத்தில். அங்கே சில்லறை போட்டுவைக்கும் குழி ஒன்று பல கார்களில் இருக்கும். முகப்பு அதில் அடங்கினால் மிகவும் நல்லது. பார்ப்பவர் அதையும் பாட்டுக் கருவி என்றே நினைப்பார்கள். காரை நிறுத்தியதும் முகப்பைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு போய்விடலாம்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. 'ஏர் பேக்' என்னும் காற்றுப் பை இருக்கும் இடத்தின் மேலோ எதிரிலோ எதையும் ஒட்டக்கூடாது. மோதும்போது பை வெடித்து விரியும். அப்போது முகப்பு கல்லைப் போலப் பறந்து முகத்தில் அடிக்கும். திருகு ஆணி அடிக்குமுன் காரின் கையேட்டைப் பாருங்கள். அல்லது மெக்கானிக்கைக் கேளுங்கள்.

எந்தத் திரை நல்லது?

கடையில் பளபளவென்று வண்ணத் திரை கண்ணைப் பறிக்கும். வாங்குமுன் மூன்று வேளையையும் நினைத்துக்கொள்ளுங்கள்: உச்சி வெயில், அமாவாசை இரவு, அடைமழை.

உச்சி வெயிலில் வண்ணத் திரைகள் பல மங்கிப்போகும். வெளிச்சம் பட்டாலும் எழுத்து தெரியும்படி, வெளிர்ப் பின்புலத்தில் கறுப்பு எழுத்து காட்டும் சாதாரணத் திரையே அப்போது நல்லது. கூச்சம் தடுக்கும் 'போலராய்டு' வகைக் கறுப்புக் கண்ணாடி போடுகிறவர்கள், அதைப் போட்டுக்கொண்டே திரையைப் பார்க்கவேண்டும். சில கோணங்களில் திரை முழுக் கறுப்பாகத் தெரியும்!

இரவில் வெளிச்சம் குறையவேண்டும். எவ்வளவு குறைக்கலாம் என்று கேளுங்கள். இருட்டுச் சாலையில் பளீர் என்ற வெள்ளை, நீல ஒளி கண்ணைக் கூசச் செய்யும். மங்கிய மஞ்சள் ஒளி கண்ணுக்கு இதம். கென்வுட் 'டிஎம்-வி71' செட்டில் மஞ்சளோ பச்சையோ எது வேண்டுமோ வைத்துக்கொள்ளலாம். இப்படி ஒரு வசதி இருந்தால் நல்லதே.

அடைமழையில் என்ன நடக்கும்? கை ஈரமாக இருக்கும். விரலால் தொட்டு இயக்கும் திரை ஈரக் கைக்குச் சரியாக மசியாது. பார்க்காமலும் அதை இயக்க முடியாது. குமிழ் அப்படி அல்ல. கண் சாலையில் இருக்கும்போதே கை அதைத் தடவிக் கண்டுபிடித்துவிடும். ஆகவே சத்தத்துக்கும் அலைவரிசைக்குமாவது திருகு குமிழ் இருக்கவேண்டும்.

எத்தனை பெரிய திரை வேண்டும்? ஐகாம் 'ஐடி-5100' செட்டில் 5.5 அங்குலத் திரை தனியாகவே வருகிறது. செல்போன் அளவு. வயதானவர்களுக்குப் படிக்கச் சுலபம். ஆனால் ஒளித்து வைக்கக் கடினம். யேசு 'எஃப்டி-891' போன்றவற்றின் முகப்பு சின்னது. மறைப்பது சுலபம். ஆனால் எழுத்தும் சின்னது.

இதற்கு ஒரு சோதனை உண்டு. ஓட்டுகிற சீட்டில் சாய்ந்து உட்காருங்கள். முகப்பை அதன் இடத்தில் ஒருவர் பிடிக்கட்டும். ஒரே பார்வையில் அலைவரிசை எண்ணைச் சொல்ல முடிகிறதா? முடிந்தால் அந்தத் திரை போதும். அதற்குமேல் பெரிய திரை ஆடம்பரமே.

பெட்டியை எங்கே வைப்பது?

'முன் சீட்டுக்கு அடியில் வையுங்கள்' என்றுதான் பலரும் சொல்வார்கள். வறண்ட ஊருக்கு அது சரி. கடலூர், சிதம்பரம் பக்கத்துக்குச் சரி அல்ல. காருக்குள் தண்ணீர் புகுந்தால் முதலில் நனைவது சீட்டுக்கு அடிதான். எந்த நாளுக்காக வாங்கினோமோ, அந்த நாளிலேயே செட் போய்விடும்!

டிக்கிக்குள், பின்சீட்டின் முதுகுப் பலகையில் உயரமாகத் திருகி வைப்பது நல்லது. பெட்டி சூடாகும். அதைச் சுற்றிக் காற்றோட்டம் வேண்டும். மேலே துணி மூட்டை வைக்கக்கூடாது.

வெயிலும் ஓர் எதிரி. 60 டிகிரி சென்டிகிரேடு வரை தாங்கும் என்று பல செட்டுகளின் குறிப்பேட்டில் போட்டிருப்பார்கள். அக்னி நட்சத்திர வெயிலில் கண்ணாடி மூடி நிற்கும் காரின் முன்பலகை அதையும் தாண்டிச் சூடாகும். முகப்பைக் கழற்றி எடுத்துப் போவதற்கு இது இன்னொரு காரணம்.

உப்புக் காற்றை மறக்கவேண்டாம். கடலோரத்தில் ஏரியல் மூட்டுகள் சீக்கிரம் பச்சை பூத்துப்போகும். ரப்பர் நாடா சுற்றி, மாதம் ஒருமுறை பார்த்துத் துடைக்கவேண்டும்.

பாட்டரியும் பியூஸும்

செட்டுக்கு மின்சாரம் நேரே காரின் பாட்டரியிலிருந்து வரவேண்டும். சிகரெட் பற்றவைக்கும் துளையில் செருகக்கூடாது. 50 வாட் செட் பேசும்போது சுமார் 10 ஆம்பியர் இழுக்கும். 100 வாட் செட் 20 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அந்தத் துளையின் ஒயர் இதைத் தாங்காது, உருகிவிடும். பாட்டரிக்குப் பக்கத்திலேயே பியூஸ் போடவேண்டும். பியூஸ் இல்லாத ஒயர் தீயை வீட்டுக்கு அழைப்பதற்குச் சமம்.

எஞ்சினை நிறுத்திவிட்டால் எவ்வளவு நேரம் கேட்கலாம்? கேட்கும்போது செட் அரை ஆம்பியர் குடிக்கிறது என்று வையுங்கள். 20 மணி நேரத்தில் 10 ஆம்பியர்-மணி செலவு. 40 ஆம்பியர்-மணி பாட்டரியில் இது கால் பங்கு. பரவாயில்லை. பேச்சுதான் பாட்டரியைத் தின்னும். ஆகவே நிறையக் கேளுங்கள், குறைவாகப் பேசுங்கள்.

பாட்டரியை ஏற்றுவதற்காக மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓட்டவேண்டாம். அதன் புகை ஆளைக் கொல்லும்.

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் பேச முடியுமா?

சாலை வழியாகச் சுமார் 45 கிலோமீட்டர். பறவை போகும் வழியில் சுமார் 39 கிலோமீட்டர். நடுவில் மலை இல்லை. நல்ல சமவெளி.

ஆனாலும் காரிலிருந்து காருக்கு நேரே பேச முடியாது. ஏன்? உள்ளூர்ப் பேச்சுக்கு உதவும் 145 மெகாஹெர்ட்ஸ் அலை பெரும்பாலும் நேர்கோட்டில் போவது. பூமி உருண்டை. கார் ஏரியலின் உயரம் சுமார் 2 மீட்டர். இரண்டு கார்களுக்கும் நடுவே சுமார் 12 கிலோமீட்டர் வரைதான் அலை உறுதியாகப் போய்ச் சேரும். கடலூரில் இருப்பவர் பேசினால் ஆலப்பாக்கத்துக்கு முன்பே குரல் மங்கிவிடும்.

உயரம்தான் இதற்கு மருந்து. கடலூரில் 30 மீட்டர் உயரத்தில் ஓர் ஏரியல் இருந்தால், சுமார் 28 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள கார் கேட்கும். அது புதுச்சத்திரத்தைத் தாண்டிப் பரங்கிப்பேட்டை வரை வந்துவிட்ட தூரம். சிதம்பரத்திலும் அதே உயரத்தில் ஓர் ஏரியல் இருந்தால், இரண்டு ஊர்களும் நேரே பேசிக்கொள்ளலாம். இல்லாவிட்டால் வழியில் ஒரு மாடி வீட்டு ஹாம் செய்தியை வாங்கி அடுத்தவருக்குச் சொல்லவேண்டும். அஞ்சல் ஓட்டம் போலத்தான்!

இந்த அலைக்குக் கார் ஏரியலும் சின்னது. அரை மீட்டர் கம்பி போதும். கூரையின் நடுவே வைத்தால் எல்லாத் திசையிலும் நன்றாகப் போகும். காந்த அடி உள்ள ஏரியலை வேண்டும்போது வைத்து, வேண்டாதபோது எடுத்துவிடலாம். அதுவும் கண்ணை உறுத்தாத வழிதான்.

சென்னையோடு பேசவேண்டும் என்றால்? 7 மெகாஹெர்ட்ஸ் அலை உதவும். அது வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி வரும். பகலில் சில நூறு கிலோமீட்டர் தூரத்தில் உள்ளவர்கள் கேட்பார்கள். காரை நிறுத்திவிட்டு, இரண்டு தென்னை மரங்களுக்கு நடுவே 20 மீட்டர் ஒயரை ஏரியலாகக் கட்டினால் குரல் தெளிவாகப் போகும். மின்கம்பி பக்கத்தில் மட்டும் கட்டவே கூடாது. இடி மின்னலின்போதும் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

உரிமம் இல்லாமல் இந்தச் செட்டை வைத்திருப்பதும் பேசுவதும் குற்றம். வாங்குவதற்கும் உரிமம் காட்டவேண்டும். காரில் வைக்குமுன் உங்கள் உரிமத்தில் நடமாடும் நிலையத்துக்கு என்ன விதி என்று பார்த்துக்கொள்ளுங்கள். எவ்வளவு வாட் வரை பேசலாம் என்பதையும் பாருங்கள். உரிமத்தின் நகல் ஒன்று காரிலேயே இருக்கட்டும். செட்டை அடக்கமாக வைப்பது திருடனுக்காகத்தான். போலீஸாரிடம் மறைப்பதற்காக அல்ல. யாராவது கேட்டால் உரிமத்தைக் காட்டி விளக்கிச் சொல்லுங்கள்.

இன்னொன்று. மோட்டார் வாகனச் சட்டம் 2019-ல் திருத்தப்பட்டது. கையில் தகவல் கருவியைப் பிடித்துக்கொண்டு ஓட்டுவது அபாயமான ஓட்டுதல் என்று அதில் சேர்த்திருக்கிறார்கள். மைக்கும் கையில் பிடிப்பதுதானே? ஆகவே சாலை ஓரம் நிறுத்திவிட்டுப் பேசுங்கள். ஓட்டும்போது காதால் கேட்டால் போதும். உயிரைக் காப்பாற்ற வைத்த ரேடியோ உயிரை வாங்கிவிடக் கூடாது.

பொருத்திய பிறகு...

எல்லாம் பொருத்தியாகிவிட்டது. இனி புயல் வரும் வரை அதைத் தொடவேண்டாம் என்று நினைத்தால் பணம் வீண்.

மாதம் ஒரு ஞாயிறு குடும்பத்தோடு காரில் கிளம்புங்கள். தேவனாம்பட்டினக் கடற்கரை, பரங்கிப்பேட்டை, பிச்சாவரம், சிதம்பரம் என்று எங்கே போனாலும் சரி. வழியில் நிறுத்தி நிறுத்திப் பேசிப் பாருங்கள். எந்த இடத்தில் குரல் போகிறது, எந்த இடத்தில் போகவில்லை என்று ஒரு நோட்டில் குறியுங்கள். வெள்ளாற்றுப் பாலத்தின் மேல் எப்படி? மரங்கள் அடர்ந்த ஊருக்குள் எப்படி? பிள்ளைகளே ஆசையாகக் குறித்துத் தருவார்கள்.

அந்த நோட்டு செட்டைவிட மதிப்பு உள்ளது. வெள்ள நாளில், 'எந்த மேட்டில் காரை நிறுத்தினால் நம் குரல் வெளியே போகும்' என்ற கேள்விக்கு அதில்தான் விடை இருக்கும்.

ஐப்பசி மழைக்கு முன் பாட்டரியைச் சோதியுங்கள். பியூஸ் இரண்டு கூடுதலாக வாங்கிவையுங்கள். முகப்பின் ஒயரை ஒருமுறை கழற்றி மாட்டிப் பாருங்கள். இருட்டில், கண்ணால் பார்க்காமல், செட்டைப் போட்டு அலைவரிசையைத் திருப்பப் பழகிக்கொள்ளுங்கள்.

துறைமுகத்தில் கூண்டு ஏறிய பிறகு இதைப் பழகுவதற்கு நேரம் இருக்காது.